தேர் நிலைக்கு வந்த கதை

(சிகாகோ, டெவன் அவென்யூ. இனிப்புக் கடைக்குள் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மாமாவும், காரோட்டி வந்த அக்கா மகன் பாலாவும். மாமாவின் கண் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மைசூர்பாகின் மேல். மாமாவுக்குச் சர்க்கரை. அது அமெரிக்கா வரைக்கும் தெரிந்த விஷயம்.)

பாலா: மாமா, நாம் வெண்டைக்காய் வாங்க வந்தோம்.

மாமா: பார்த்தால் சர்க்கரை ஏறிவிடுமா? ஏதாவது பேசு. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டது உங்க ஊர் ஒபாமாதானே?

பாலா: அது உச்ச நீதிமன்றம், 2015 ஜூன் 26. அன்று ராத்திரி வெள்ளை மாளிகைக்கு வானவில் விளக்குப் போட்டதுதான் ஒபாமா.

மாமா: ஆரம்பத்திலிருந்தே ஆதரவோ?

பாலா: ஆரம்பத்தில் ஆதரவு. 1996-இல் இதே ஊரில் மாநில செனட்டுக்கு நின்றார். தன்பால் ஈர்ப்பாளர் பத்திரிகை ஒன்று கேள்வித்தாள் அனுப்பியது. சட்டமாக்க ஆதரவு, தடுக்க வந்தால் போராடுவேன் என்று பதில். கீழே கையெழுத்து.

மாமா: பலே!

பாலா: 1998-இல் இன்னொரு கேள்வித்தாள். 'இன்னும் முடிவு செய்யவில்லை.'

மாமா: கையெழுத்துப் போட்ட பிறகா?

பாலா: 2004-இல் வாஷிங்டன் செனட்டுக்குப் போட்டி. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான், மற்றவர்களுக்கு சிவில் யூனியன் என்றார். உரிமைகள் ஓரளவு உண்டு, கல்யாணம் என்ற பெயர் மட்டும் கிடையாது.

மாமா: சாப்பாடு உண்டு, பந்தியில் இலை கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடு.

பாலா: அதேதான். 2008-இல் ஜனாதிபதித் தேர்தல். ரிக் வாரன் என்ற பாதிரியாரின் சர்ச் மேடையில், கிறிஸ்தவனான எனக்கு அது புனிதமான பந்தம், கடவுளும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறார் என்றார்.

மாமா: தொகுதி பெருக்கப் பெருக்கக் கொள்கை சிறுத்துக்கொண்டே போகிறதே! (கடைக்காரரிடம்) தம்பி, அந்த ஓரத்தில் உடைந்து கிடக்கிறதே, அதை இப்படிக் கொடு.

பாலா: மாமா!

மாமா: உடைந்த துண்டெல்லாம் மைசூர்பாகு கணக்கில் வராதுடா. சிவில் யூனியன். நீ மேலே சொல்.

பாலா: 2010-இல் மறுபடி கேட்டார்கள். 'என் கருத்து பரிணமித்துக்கொண்டிருக்கிறது' என்றார்.

மாமா: நல்ல வார்த்தை. டாக்டருக்கு ஆகும்.

பாலா: 1996-இல் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் மக்கள் ஆதரவு 27 சதவீதம். 2011-இல் 53.

மாமா: பாதியைத் தாண்டிவிட்டதா? அப்போ அவரும் தாண்டியிருப்பாரே.

பாலா: எங்கே! 2012 மே 6, ஞாயிற்றுக்கிழமை. துணை ஜனாதிபதி பைடன் டிவியில் உட்கார்ந்து, எனக்கு இதில் சங்கடமே இல்லை என்று போட்டு உடைத்துவிட்டார். புதன்கிழமையே ஒபாமாவும் டிவிக்கு வந்து, அவர்களும் திருமணம் செய்துகொள்ளலாம் என்றார்.

மாமா: 16 வருஷம். நாலு வீதியும் சுற்றிவிட்டுத் தேர் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. சறுக்குக்கட்டையை உருவினவர் பைடன்.

பாலா: பிற்பாடு ஒபாமாவின் ஆலோசகர் ஆக்செல்ராடே எழுதினார், மனசுக்குள் அப்போதே ஆதரவுதான், தேர்தலுக்காக அடக்கி வாசித்தார் என்று. ஒபாமா அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? என் சொந்த உணர்வையும் என் நிலைப்பாட்டையும் அவர் போட்டுக் குழப்புகிறார் என்று.

மாமா: (கண்கள் பனிக்க) இதைத்தானேடா உன் அத்தையிடம் இத்தனை வருஷமாகச் சொல்லத் தெரியாமல் தவிக்கிறேன்! மைசூர்பாகு என் சொந்த உணர்வு. கேழ்வரகுக் கூழ் என் நிலைப்பாடு. (துண்டு முழுசாக வாய்க்குள் போகிறது. பாலாவின் போன் அடிக்கிறது.)

பாலா: சொல்லுங்க அத்தை... இதோ வாங்கிவிடுகிறோம்... மாமாவா? பக்கத்தில்தான் இருக்கிறார். பேச முடியாது அத்தை, வாயில் மைசூர்பாகு.

மாமா: அடப்பாவி பைடா!