ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தே ஆகணுமா?

சாலை விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் நம் பெயர், முகவரி, போன் நம்பரைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முன்பு அப்படிக் கேட்டு உட்காரவைத்தது உண்டு, அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் இப்போது சட்டம் வேறு, நண்பரே.

2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. அதன்கீழ் 2020-இல் வந்த விதிகள்படி, உதவியவரைப் பெயர் சொல்லும்படி போலீசோ வேறு யாருமோ வற்புறுத்தக் கூடாது. விரும்பினால் சொல்லலாம், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் 134ஏ-வைத் தேடிப் படியுங்கள். இந்த உரிமைகளை ஆஸ்பத்திரி வாசலில் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. அடுத்த முறை போகும்போது கேஷ் கவுண்டர் பக்கம் மட்டும் பார்க்காமல் சுவரையும் பாருங்கள்.