ரெகாட்டா கேள்வி இப்போது எஸ்ஏடி தேர்வில் இல்லை

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வைப் பற்றி மேலே ஒரு நண்பர், "அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வில் இன்றைக்கும் ரெகாட்டா மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன, கறுப்பின மாணவர்களை வடிகட்டத்தான் அது" என்று எழுதி, தேர்வை ஆதரித்த ஒருவரை இனவெறியர் என்றும் திட்டியிருக்கிறார். ரெகாட்டா கேள்வி பழைய செய்தி.

அந்தக் கேள்வி வந்தது உண்மை. ஓடுபவருக்கு மாரத்தான் என்றால் துடுப்பு வலிப்பவருக்கு எது? விடை ரெகாட்டா, அதாவது படகுப் போட்டி. படகு கிளப்புக்குப் போய் வளர்ந்த பிள்ளைக்கு அது சட்டென்று வந்துவிடும். மற்றவர்கள் அந்தச் சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த ஒப்புமைப் பகுதியையே 2005இல் எடுத்துவிட்டார்கள். இப்போது கேள்விகளை முன்கூட்டியே சோதிக்கிறார்கள். மொத்தத்தில் ஒரே அளவு மதிப்பெண் எடுக்கும் மாணவர்களில் ஒரு இனத்தவர் மட்டும் ஒரு கேள்வியில் அதிகம் தவறுகிறார்களா என்று பார்க்கிறார்கள்.

தொடக்கம் மோசம்தான், சரி. 1926இல் வந்த முதல் தேர்வை வடிவமைத்த கார்ல் பிரிகம், 1923இல் இன ஏற்றத்தாழ்வு பேசும் புத்தகம் எழுதியவர். 1930இல் அந்த முடிவுகளுக்கு அடிப்படையே இல்லை என்று அவரே எழுதினார். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இனங்களுக்கிடையே மதிப்பெண் இடைவெளி இன்றும் இருக்கிறது. அதில் கேள்வித்தாளின் பங்கு எவ்வளவு, பள்ளி, வருமானத்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் சண்டை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2020இல் தேர்வைக் கைவிட முடிவெடுத்தது. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகமோ, வசதியில்லாத திறமைசாலிகளை அடையாளம் காண உதவுகிறது என்று சொல்லி 2022இல் திரும்பக் கொண்டுவந்தது. அதனால், தேர்வை ஆதரித்தவரை இனவெறியர் என்று திட்டிய வரியை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள் நண்பரே.