சாராகடி 21 பேருக்குக் கிடைத்தது எந்தப் பதக்கம்?

1897 செப்டம்பர் 12 அன்று இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதியில் இருந்த சாராகடி ராணுவச் சாவடியைக் காத்து மடிந்த, பிரிட்டிஷ் இந்தியப் படையின் 21 சீக்கிய வீரர்களுக்கும் பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் தரப்பட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்கிறார்கள். சின்னத் திருத்தம்: அவர்களுக்குக் கிடைத்தது இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட், அதுவும் மூன்றாம் வகுப்பு.

அன்றைய விதிப்படி இந்திய வீரர்களுக்கு விக்டோரியா கிராஸ் கிடையாது. 1911-இல் பிரிட்டிஷ் மன்னர் முடிசூடியதைக் கொண்டாடிய டெல்லி தர்பாரின்போதுதான் அந்தக் கதவு திறந்தது. அதனால் அந்த 21 பேருக்குத் தலைமை தாங்கிய ஹவில்தார் ஈஷர் சிங்குக்கோ, ஹீலியோகிராஃபில் கண்ணாடி மினுக்கிக் கடைசிவரை அருகிலிருந்த லாக்ஹார்ட் கோட்டைக்குச் செய்தி அனுப்பிய குர்முக் சிங்குக்கோ அது கிடைத்திருக்க வழியே இல்லை. இந்திய வீரர்களுக்கு அப்போது இருந்த உச்ச வீர விருது ஆர்டர் ஆஃப் மெரிட்தான். 'விக்டோரியா கிராஸுக்குச் சமமானது' என்று யாரோ எழுதியதில், ஃபார்வர்டு ஆகி ஆகி 'சமமானது' உதிர்ந்துபோயிருக்கும் என்பது என் ஊகம்.

சரிபார்ப்பது எளிது. விக்டோரியா கிராஸ் பெற்றவர்களின் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. அதில் 1897-க்கு நேரே இந்த 21 பேரில் ஒருவர் பெயரும் இருக்காது. முதல் இந்திய வீரராக வருபவர் குதாதாத் கான், பெல்ஜியத்தில் 1914 அக்டோபர் 31 அன்று காட்டிய வீரத்துக்காக. அந்த அறிவிப்பை பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டின் இணையதளத்தில், 1914 டிசம்பர் இதழ்களில் இலவசமாகவே பார்க்கலாம்.