மனசு உறுத்தினாலே தப்பு செய்ததாக ஆகிவிடுமா?

"உன் மனசாட்சிக்குத் தெரியும்" என்று ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தப்பு செய்தவனுக்கு உள்ளே உறுத்தும், செய்யாதவன் நிம்மதியாகத் தூங்குவான் என்ற நம்பிக்கையில் சொல்வது அது. எனக்கு அந்த நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. நான் பார்த்தவரையில், ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறவர்களில் பலர் ஒரு பாவமும் அறியாதவர்கள்.

படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்ட ஒரு மகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுப்பது, டயப்பர் மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் அவள்தான். அம்மா போய் மாதக்கணக்கான பிறகும் ஒரே ஒரு சாயங்காலத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். "லேசா மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்க. காலையில பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போன அண்ணன், "அவ்வளவுதான் விதி" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பார்.

அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது லேசான மூச்சிரைப்பு மட்டும்தான். மரணம் தெரிந்தது அப்புறம். 1975இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்தார். 1814இல் ஆங்கிலேயர்களுக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றிப் படிக்கக் கொடுத்து, வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு முடிவுகளை 'இதுதான் நடந்தது' என்று சொன்னார். எந்த முடிவைச் சொன்னாரோ, அதுவே நடக்கக்கூடியதாக அவர்களுக்குத் தோன்றியது. முடிவு தெரிந்ததால்தான் அப்படித் தோன்றுகிறது என்பதும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. என்றோ நடந்த சண்டைக்கே இப்படி என்றால், பெற்ற தாயின் சாவுக்கு?

"உன் மேல தப்பு இல்லம்மா" என்று ஆயிரம் பேர் சொன்னாலும் அவளுக்கு ஏறாது. ஏன் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் தங்களையே பழித்துக்கொள்வதைப் பற்றி உளவியலாளர் ரோனி ஜேனாஃப்-புல்மன் 1979இல் எழுதியதைப் படித்தபோது ஒரு வெளிச்சம் கிடைத்தது. 'நான் அந்த வழியாகப் போயிருக்கக் கூடாது' என்று நினைக்கும்போது, இனி அதைத் தவிர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பிடிமானம் கிடைக்கிறது. என்ன செய்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது என்ற எண்ணம் அதைவிடக் கொடுமையானது. 'தப்பு இல்லை' என்று சொல்லி நாம் பிடுங்குவது அந்தப் பிடிமானத்தைத்தான்.

மறுபக்கம்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963இல் வெளியிட்ட சோதனையில், 40 பேரில் 26 பேர் முன்பின் தெரியாத ஒருவருக்கு 450 வோல்ட்வரை மின்சாரம் கொடுப்பதாக நம்பி, சோதனை நடத்துபவர் சொல்லச் சொல்ல சுவிட்சை அழுத்தினார்கள். உண்மையில் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. அது அவர்களுக்குத் தெரியாது. பலருக்கு வியர்த்தது, நடுங்கியது. உறுத்தல் இருந்தது, கை நிற்கவில்லை. பொறுப்பைச் சோதனை நடத்துபவர் ஏற்றுக்கொண்டிருந்தார்.

மனசாட்சியை இப்படிக் கழற்றி வைக்கும் வழிகளை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விரிவாக எழுதியிருக்கிறார். மேலிடத்து உத்தரவு என்பது, எல்லாரும் செய்வதுதானே என்பது, பாதிக்கப்பட்டவன் மேலேயே பழியைப் போடுவது, கொடுமைக்கு நாகரிகமாக ஒரு பெயர் வைப்பது. குண்டு விழுந்து குழந்தைகள் செத்தால் 'பக்கவாட்டுச் சேதம்' என்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டு நன்றாகவே தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூக்கத்தை வைத்து யாருக்கும் நற்சான்று கொடுக்க நான் தயாராக இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதீர்கள். அந்த நாளை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது, எவ்வளவு களைப்பு, வேறு யார் உதவிக்கு இருந்தார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். நிஜமாகவே ஏதாவது தவறியிருந்தால் அதையும் சொல்ல விடுங்கள், மழுப்ப வேண்டாம். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டுப்போய், எதற்கெடுத்தாலும் 'என்னால்தான்' என்று சொல்ல ஆரம்பித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அளவுக்கு மீறிய குற்றவுணர்வு மனச்சோர்வு நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதற்குச் சிகிச்சை இருக்கிறது.