ட்ரிப் 35: சிவப்புக் கொடி பழுதின் அடையாளமன்று

“ஒலிம்பஸ் ட்ரிப் 35 ஃபிலிம் கேமராவின் வியூஃபைண்டரில் (பார்க்கும் துளையில்) சிவப்புக் கொடி எழுந்து, படமெடுக்கும் பொத்தான் அழுந்த மறுத்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது, அந்தப் பேட்டரி இப்போது கிடைக்காது” என்று சிலர் சொல்வது தவறு. 1967 முதல் 1984 வரை தயாரான இந்த அருமையான கேமராவில் பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போலத் தெரியும் கண்ணாடிக்குப் பின்னுள்ள செலினியம் செல், தன்மீது விழும் ஒளியிலிருந்தே ஒளியை அளக்கும் மீட்டருக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்கிறது; வெளிச்சம் போதாதபோது ஃபிலிம் வீணாகாமலிருக்கவே தானியங்கி நிலையில் ஷட்டர் தடுக்கப்படுகிறது. வாங்குமுன் லென்ஸ் முகப்பை உள்ளங்கையால் மூடிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்: அப்போது கொடி எழுந்து, வெயிலில் எழாமலிருந்தால் செல் உயிரோடு இருக்கிறது. செலினியம் நாளடைவில் வலுவிழக்கும் என்பது மெய்யான குறைதான். அந்நிலையிலும் லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவை நாமே வைத்து, 1/40 நொடி வேகத்தில் படமெடுக்கலாம்.