புனர்பூசத்தில் இன்னொரு பூமியா?

"புனர்பூச நட்சத்திரத்தில் இன்னொரு பூமி, நாசா எடுத்த படம்" என்று நீலக் கடலும் மேகமுமாக ஒரு கோளின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் பொய். 'பூமி' என்பதும் பொய். நட்சத்திரம் மட்டும் நிஜம்.

புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களில் பிரகாசமானது போலக்ஸ். பக்கத்திலிருக்கும் வெள்ளை காஸ்டரோடு ஒப்பிட்டால் அதன் ஆரஞ்சு நிறம் வெறும் கண்ணுக்கே தெரியும். சுமார் 34 ஒளியாண்டு தொலைவு. சூரியனைப் போல ஏறத்தாழ 9 மடங்கு அகலத்துக்கு உப்பிப்போன ஆரஞ்சு ராட்சத நட்சத்திரம்.

அதைச் சுற்றும் கோள் 2006-இல் அறிவிக்கப்பட்டது. பிற்பாடு தெஸ்டியாஸ் என்று பெயர். அதை யாரும் பார்த்ததில்லை, படமெடுத்ததும் இல்லை. கோள் இழுப்பதால் போலக்ஸ் நம் பக்கம் கொஞ்சம் வரும், அப்புறம் விலகும். வினாடிக்கு நாற்பது மீட்டர் சொச்சம்தான், ஒரு விரைவு ரயிலின் வேகம். அந்த ஆட்டம் நட்சத்திர ஒளியின் நிறமாலைக் கோடுகளை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுவே தெரியும் கோடுகள்) மயிரிழை நகர்த்துகிறது. சுமார் 590 நாளுக்கொருமுறை அது திரும்பத் திரும்ப வந்ததை வைத்துத்தான் கோள் என்றார்கள்.

கணக்குப்படி அதன் நிறை குறைந்தது இரண்டு வியாழன். அதாவது வாயுக்கோளம், கடலாவது, கரையாவது! போலக்ஸுக்குப் பலவீனமான காந்தப்புலம் இருப்பதால், அது நட்சத்திரத்தின் மேற்பரப்பில் செய்யும் மாற்றமே இப்படி ஆட்டம் போலத் தெரிகிறதோ என்ற சந்தேகமும் ஆய்வாளர்களிடம் உண்டு. கோள் இருப்பதே விவாதத்தில் இருக்க, அதன் மேகத்துக்குப் படம் எங்கிருந்து வரும்?