மாடு சினை நிக்கலன்னா முதல்ல தீவனத்தொட்டிய பாருங்க

கலப்பின மாடு வச்சிருக்கறவங்க வாயில அடிக்கடி வர்ற பேச்சு, "சினை ஊசி மேல ஊசி போட்டாச்சு சார், நிக்கவே மாட்டேங்குது, ஊசி போடறவருக்கு கை சரியில்ல." சில நேரம் அது நெசமாவும் இருக்கும், 37 டிகிரி தண்ணில போட்டு எடுக்க வேண்டிய உறைவிந்து குச்சிய கண்ட தண்ணில முக்கி எடுக்கறவங்களும் இருக்காங்க, பருவம் முடிஞ்சப்பறம் வந்து நிக்கறவங்களும் இருக்காங்க. ஆனா நெறய கேஸ்ல கோளாறு சினைமுட்டையில இருக்கு, அந்தக் கோளாறு ஆரம்பிச்சது தீவனத்துல. ஒரு கால்நடை டாக்டரா இது என் கருத்து, திட்டறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு திட்டுங்க.

கன்னுக்குட்டி தாய் வயித்துல இருக்கறப்பவே அதோட சினைமுட்டைங்க உருவாகி பாதி வேலையில நின்னு போயிடுது. வருசக்கணக்கா அப்படியே கெடந்து, பருவத்துக்கு வர்றப்ப முட்டைய வெளிய விடச் சொல்ற எல்.ஹெச். ஹார்மோன் ஏறுச்சுன்னாதான் மறுபடி முழிக்கும். மாட்டுக்கு அதுக்கப்பறம் கிட்டத்தட்ட 24 மணி நேரந்தான், அதுக்குள்ள குரோமோசோம பிரிச்சு பாதிய வெளிய தள்ளணும், செல்லுக்குள்ள எனர்ஜி செய்யற மைட்டோகாண்ட்ரியாவ எல்லாம் எடம் மாத்தணும், விந்தணு வந்தா ஏத்துக்க தயாரா நிக்கணும். எல்லாத்துக்கும் எனர்ஜி வேணும். வேடிக்கை என்னன்னா முட்டைக்கு குளுக்கோச சொந்தமா ஒடைச்சு எரிக்க சரியா வராது. 1967-ல பிக்கர்ஸ், விட்டிங்ஹாம், டொனாஹ்யூன்னு மூணு பேர் எலி முட்டைய வச்சு இத காட்டிட்டாங்க: வெறும் முட்டைக்கு குளுக்கோஸ் மட்டும் குடுத்தா நகராது, குளுக்கோஸ் ஒடைஞ்சு வர்ற பைருவேட் குடுத்தா முதிரும், ஆனா சுத்தி இருக்கற செல்லோட சேத்து வச்சா குளுக்கோசே போதும். அந்த செல்லுங்க, க்யூமுலஸ்னு பேரு, பச்சக் குழந்தைக்கு மென்னு ஊட்டற மாதிரி குளுக்கோச பைருவேட்டா மாத்தி மெல்லிசான கை நீட்டி முட்டைக்குள்ள தள்ளுது. இதுல எனக்கு ரொம்ப புடிச்சது, முட்டை சும்மா வாங்கித் திங்கறதில்ல, பி.எம்.பி.15, எஃப்.ஜி.எஃப்.8-ன்னு புரதங்கள அனுப்பி, இன்னும் ஒடைங்கன்னு அதுங்கள வேலை வாங்குது.

சரி, குளுக்கோஸ் எங்கருந்து வரணும்? மாட்டுக்கு குடல்லருந்து நேரா கெடைக்கறது ரொம்ப கம்மி, அசை வயித்துல தீனி புளிச்சு வர்ற புரோபியோனேட்ங்கற அமிலத்த வச்சு கல்லீரல்தான் செய்யணும். கன்னு போட்ட புதுசுல செய்யறதுல பெரும்பங்க மடி இழுத்துக்கும், பால்ல இருக்கற லாக்டோஸ்ங்கற சர்க்கரைக்கு. பால் மளமளன்னு ஏறும், தீனி எடுக்கறது அந்த வேகத்துல ஏறாது, அதனால மாடு சொந்த கொழுப்ப கரைக்கும், கரைஞ்ச கொழுப்பமிலம் ரத்தத்துல ஏறி முட்டைய சுத்தி இருக்கற நீருக்குள்ளயும் போயிடும். பெல்ஜியத்துல லெராய் குழு 2005-ல அந்த நீர்ல எவ்ளோ இருக்குன்னு அளந்து, அதே அளவு பால்மிடிக், ஸ்டியரிக்ங்கற கொழுப்பமிலத்துல லேப்ல முட்டைய முதிர வச்சாங்க, முதிர்றதும் கொறஞ்சுது, கருவா வளர்றதும் கொறஞ்சுது. ஒலியிக்ங்கற இன்னொரு கொழுப்பமிலம் மட்டும் அந்த கெடுதல் பண்ணல.

இன்னொன்னு, இன்னிக்கு வெளிய வர்ற முட்டை இன்னிக்கு வளந்தது இல்ல. அது வளர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும், அதனால கன்னு போட்டப்ப பட்ட பட்டினி ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஊசி போடறப்ப தெரியலாம்னு 1992-ல ஜாக் பிரிட்ங்கற ஆராய்ச்சியாளர் சொன்னாரு. அது கருதுகோள்தான், ஆனா நான் பாக்கற மாடுங்கள வச்சு எனக்கு நம்பத்தான் தோணுது.

நம்மூர்ல என்ன பண்றோம்? கறக்கற மாட்டுக்கு புண்ணாக்கு, தவிடு, கலவைத் தீவனம், பால் வத்துன சினை மாட்டுக்கு வெறும் வைக்கோல். "அதான் பால் குடுக்கலையே"ங்கறாங்க. அதுக்காக கொழுக்க வச்சாலும் ஆபத்துதான், ரொம்ப கொழுத்த மாடு கன்னு போட்டப்பறம் தீனி கம்மியா எடுக்கும், கொழுப்ப இன்னும் அதிகமா கரைக்கும். எலும்பும் தெரியாம சதையும் தொங்காம நடுவாந்தரமா இருக்கணும். தீவனத்தயும் கன்னு போட்ட அன்னிக்கு கொட்டாம, மூணு வாரம் முன்னாடியே கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி பழக்குங்க.

ஊசி போட்ட தேதிய எல்லாரும் எழுதி வைக்கறீங்க, நல்லது. கூடவே கன்னு போட்ட அன்னிக்கு மாட்ட பின்னாலருந்து, இடுப்பெலும்பும் வால் அடியும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுங்க, ஒரு மாசம் கழிச்சு அதே மாதிரி இன்னொன்னு. நிக்கலன்னு எனக்கு போன் பண்றவங்க அந்த ரெண்டு போட்டோவயும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு பண்ணுங்க.